பிளாஸ்திரிக்கு அடியில்

என் இடது கையில் ஒட்டியிருந்த வட்டப் பிளாஸ்திரிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஊசி குத்திய தடம் இல்லை, சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. அறுபத்திரண்டு வயதுத் தோலும் நாலைந்து நரைமுடியும்தான் இருந்தன. அந்தப் பிளாஸ்திரியை மருந்துக்கடையில் வாங்கி, வெளியே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியைப் பார்த்து நானே ஒட்டிக்கொண்டேன். கொஞ்சம் கோணலாகவே ஒட்டினேன். நர்ஸ் அவசரத்தில் ஒட்டியது மாதிரி இருக்க வேண்டுமே! இவ்வளவு தூரம் யோசித்தவனுக்கு, அதற்கு மேல் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவன். தடுப்பூசி முகாம் வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது என் வேலை. அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க பாரு, மரத்துல கொரங்கு!" என்பேன். பிள்ளை திரும்பும், ஊசி இறங்கும். அந்த நேரம் நானும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது ஒரு பிள்ளைக்கும் தெரியாது. எண்பது பேரை வண்டலூருக்குக் கூட்டிப்போய்ப் புலிக்கு முன்னால் அசராமல் நின்றிருக்கிறேன். ஆனால் ஸ்பிரிட் பஞ்சின் வாசனை மூக்கில் ஏறினால் போதும், என் முழங்கால்கள் இரண்டும் விசில் கேட்ட வகுப்பு மாதிரி கலைந்துவிடும்.

எங்கள் குடும்ப டாக்டர் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாஸ்டர், உங்களுக்கு சுகர் இருக்கு. வயசும் ஏறுது. வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளூ ஊசி போடணும். நிமோனியாவுக்கு ஒண்ணு இருக்கு. அக்கி வராம இருக்க ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல போட்ட ரண ஜன்னி ஊசி, அதான் டி.டி., எல்லாம் எப்பவோ தெம்பு போயிருக்கும், அதைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட்டுக்கணும்."

"கண்டிப்பா சார். தீபாவளி போகட்டும்" என்பேன். ஆறு தீபாவளி போயின.

போன வருடம் மகள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகச் சிட்லபாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் வேலையே, மற்றவர்கள் செய்து முடித்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அப்படிப்பட்டவளின் அப்பா நான்.

பரிசோதனைக்குப் போய்வந்தவள் ஒருநாள் கையைத் தேய்த்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தாள். "எனக்குக் கக்குவான் இருமல் ஊசி போட்டாங்கப்பா. வலி உயிர் போகுது. குழந்தையைத் தூக்கப் போற எல்லாரும் போட்டுக்கணுமாம். குழந்தை பொறக்க ரெண்டு வாரம் முன்னாடியே போட்டாதான் வேலை செய்யுமாம். கூடவே ஃப்ளூவும்."

"கக்குவான் எல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு?"

"இருக்குப்பா. பெரியவங்களுக்கு வந்தா சும்மா இருமல்னு விட்டுடறாங்க. பாப்பாவுக்கு ஒன்றரை மாசத்துலதான் இதுக்கு முதல் ஊசி. அதுவரைக்கும் நம்மதான் அதுக்குக் காம்பவுண்டு சுவர்."

என் மனைவி மறுநாளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் கையாலேயே சாம்பாருக்குப் பருப்பு கடைந்தாள். மருமகன் போட்டுக்கொண்டான். சம்பந்தி வீட்டிலும் போட்டாயிற்று. ஒவ்வொருவரும் கையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட, மகள் எல்லார் பேரையும் எழுதிய பட்டியலில் பச்சை டிக் அடித்துக்கொண்டே வந்தாள். என் பெயருக்கு எதிரே மட்டும் வெறும் கட்டம்.

காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது என் நடைத் துணையிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் செம்பாக்கத்துப் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அவருக்கு நாலு கடை வாடகைக்கு ஓடுகிறது. ஊசியாவது மண்ணாவது என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்றுவிட்டார்.

"இன்னா மாஸ்டரு, சிரிக்கிற? எனக்கு அக்கி வந்துச்சே, மறந்துட்டியா? விலாவுல செம்மண்ணு கொழச்சி எழுதிகினு வந்தேன். எழுதினது அழிஞ்சிபோச்சி, வலி போவல. எட்டு மாசம் சட்டை பட்டா நெருப்பு. அதுக்கு ஊசி கீதுன்னு அப்பால சொல்றாங்கோ. முன்னாடியே எவனாச்சும் சொல்லியிருந்தா ஓடிப்போய் போட்டுகினு இருப்பேன். நீ இன்னாடான்னா தெரிஞ்சிகினே சும்மா கீற."

அன்றிலிருந்து அக்கிக்கும் பயந்தேன், ஊசிக்கும் பயந்தேன். நடுவில் நடை மட்டும் வேகமாக நடந்தது.

கடைசியில் ஒருநாள் மாலை கிளினிக்குக்குப் போகத்தான் போனேன். அதைச் சொல்லிவிட வேண்டும். டோக்கன் நம்பர் ஆறு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாலாம் நம்பர், இரண்டு வயசு இருக்கும், போட்ட சத்தத்தில் சுவர்க் கடிகாரம் நின்றுவிடும் போலிருந்தது. ஐந்தாம் நம்பர் உள்ளே போனது. நர்ஸ் தட்டோடு என்னைத் தாண்டிப் போகும்போது அந்தப் பஞ்சு வாசனை வந்தது. போனைக் காதில் வைத்து, யாருமே இல்லாத போனில், "ஆங், சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி எழுந்து வெளியே வந்தவன், நேராக பஜ்ஜிக் கடையில் போய் நின்றேன். வாழைக்காய் பஜ்ஜி இரண்டு. பிறகுதான் மருந்துக்கடை, பிளாஸ்திரி, ஸ்கூட்டர் கண்ணாடி.

வீட்டுக்கு வந்து படம் எடுத்து அனுப்பினேன். பச்சை டிக் விழுந்தது. "கார்டு எங்கப்பா?" என்றாள் மகள். "நாளைக்குத் தரேன்னாங்க" என்றேன். மனைவிக்குக் கை வலித்ததைப் பார்த்திருந்ததால், நானும் கையைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"என்னங்க, ஊசி போட்டது இடது கை. வலது கையப் புடிச்சிக்கிறீங்க?"

"வலி பரவியிருக்கு."

அவள் வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். இடது கைக்கு ஒன்று, பரவிய வலிக்கு ஒன்று. சுகமாகவே இருந்தது. கார்டு விஷயம் பிரசவ அவசரத்தில் எல்லாருக்கும் மறந்துபோனது.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் என் உள்ளங்கையில் அவள் தலையை வைத்தார்கள். மைதானத்தில் கிரிக்கெட் பந்து, குண்டு, வட்டு என்று எத்தனையோ பிடித்த கை. இதற்கு மட்டும் இன்னொரு கையையும் அடியில் கொடுத்துக்கொண்டேன். அவள் கொட்டாவி விட்டாள். அந்த வாயின் அளவு என் சுண்டுவிரல் நகம்.

ஐந்தாம் நாள் எனக்குத் தொண்டையில் ஏதோ உறுத்தியது. ஆறாம் நாள் இருமினேன். ஒன்றுமில்லை, தாம்பரத்துத் தூசி என்றேன். ஏழாம் நாள் இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருமினேன். மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுக்கிற சாக்கில் இருமினேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் துணி காய்வதற்கு முன்பே எடுக்கப்பட்டது.

எட்டாம் நாள் காலை ஏரிக்கரையில் ஒரு இருமல் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். மூச்சை உள்ளே இழுத்தபோது என் தொண்டையிலிருந்து கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நண்பர் என் முதுகைத் தடவினார்.

"இன்னா மாஸ்டரு, இப்டி இருமிகினு கீற? வூட்ல பச்சக் கொயந்த கீதே!"

பிறகு அவரே சமாதானம் சொன்னார். "நீதான் ஊசி போட்டுகினியே. அப்பறம் இன்னா பயம்?"

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்று போனை எடுத்துக் கக்குவான் இருமல் என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அல்லது மூன்று மாதம் முன்னால் தேடியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் இழுக்கும் இருமல். பச்சைக் குழந்தைக்கு இருமலே வராமலும் இருக்கலாம். மூச்சு நிற்கும், உடம்பு நீலமாகும். ஒரு குழந்தை இருமுகிற வீடியோ இருந்தது. நாலு வினாடி கேட்டுவிட்டு அணைத்தேன். அந்த நாலு வினாடி காதைவிட்டுப் போகவே இல்லை.

வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். திறக்காததற்கு என்னிடம் காரணமும் இல்லை, வெட்கம்தான் இருந்தது. பேத்தியைத் தூக்கச் சொன்னால் "கையெல்லாம் எண்ணெய்" என்றேன், "வேர்வை" என்றேன். மதியம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில், வாயில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு அறை வாசலிலேயே நின்று தொட்டிலைப் பார்ப்பேன். என் பழைய ஸ்டாப் வாட்ச்சை எடுத்து வைத்துக்கொண்டேன். ஓட்டப் பந்தயத்துக்கு அமுக்கிய அதே பொத்தான். அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். பச்சைக் குழந்தைகள் மூச்சை நாலைந்து வினாடி நிறுத்திவிட்டு மறுபடி விடும், அது சகஜம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஐந்து வினாடி அவள் வயிறு அசையாமல் இருந்தபோது, வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். ஆறாவது வினாடியில் அசைந்தது. நான் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினோராம் நாள் பேர் வைப்பது. எங்கள் குடும்பத்து வழக்கப்படி, குழந்தையின் காதில் பேரை மூன்று முறை சொல்ல வேண்டும். முதலில் சொல்ல வேண்டியது பெண்ணைப் பெற்றவன், அதாவது நான். மகள் கல்யாணத்தன்றே இதற்கு ஆசைப்பட்டவன். கூடத்தில் நாற்காலி போட்டு, வாசலில் மாவிலை கட்டி, சொந்தக்காரர்கள் முப்பது பேர். காலையிலிருந்து எட்டு இருமல் மிட்டாய் சப்பியிருந்தேன்.

சம்பந்தியின் மடியில் புதுத் துணியில் சுற்றிப் பேத்தியைக் கிடத்தினார்கள். "வாங்க மாஸ்டர், குனிஞ்சு காதுல சொல்லுங்க" என்றார் ஐயர். குனிந்தேன். அவள் காது ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. கன்னத்தில் பால் வாசனை. அப்போது தொண்டைக்குள் அது கிளம்பியது. அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்து ஒரு அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

நிமிர்ந்து இரண்டடி பின்னால் போய், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, இருமினேன். நின்றபாடில்லை.

"அப்பா, தண்ணி குடி. குடிச்சிட்டு வந்து சொல்லு" என்றாள் மகள்.

"நான் சொல்லக் கூடாதும்மா."

"ஏன்?"

"நான் ஊசி போட்டுக்கல."

அவளுக்குப் புரியவில்லை. "போட்டோ அனுப்பினியே?"

"பிளாஸ்திரி மட்டும்தான்."

யாரோ ஒருவர் சிரித்தார். என் வழக்கமான விளையாட்டு என்று நினைத்திருப்பார். வாழ்நாள் முழுக்க ஜோக்கடித்தவன் உண்மையைச் சொன்னால் அதற்கும் சிரிப்புதான் கிடைக்கும். மகள் சிரிக்கவில்லை. சம்பந்தி மடியிலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இருமுற?"

"ஆறு நாளா."

"ஆறு நாளா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பேரைச் சம்பந்தி சொன்னார். நான் வாசற்படிக்கு வெளியே நின்று கேட்டேன். போட்ட இலையில் யாரும் சாப்பிட உட்காருவதற்குள் மகளும் மருமகனும் குழந்தையோடு காரில் கிளம்பினார்கள். நான் பின்னால் ஆட்டோவில், முகமூடி போட்டுக்கொண்டு.

குழந்தை டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுதான். குழந்தையைச் சோதித்து முடித்துவிட்டு, கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். "கக்குவானாவே இருந்தாலும் உங்களுக்கு இது வெறும் இருமல் சார். மாசக்கணக்கா இருமிட்டு எழுந்துடுவீங்க. இந்த வயசுக் குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பு கிடையாது."

"குழந்தைக்கு வந்துடுச்சா டாக்டர்?"

"இப்ப ஒரு அறிகுறியும் இல்ல. அம்மா மாசமா இருக்கும்போது ஊசி போட்டிருக்காங்க. அந்த எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போயிருக்கும். ஆனா முழுப் பாதுகாப்புன்னு நான் எழுதித் தர முடியாது. உங்களுக்கு டெஸ்ட் எடுக்கலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், உங்களுக்கும் குழந்தைக்கும் மருந்தை இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்."

பதினோரு நாள் குழந்தைக்கு, நான் தின்ற இரண்டு பஜ்ஜிக்காக, மருந்து. அந்த வாய்க்குள் துளித்துளியாக ஊற்றியபோது அவள் முகத்தைச் சுளித்ததை நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

டெஸ்ட் என்றால் ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. நீளமான ஒரு குச்சியை மூக்குக்குள் விட்டு, என் சிறுமூளையை விசாரித்துவிட்டு வெளியே எடுத்தார்கள். அரை அங்குல ஊசிக்குப் பயந்து ஓடியவனுக்கு ஆறங்குலக் குச்சி. வேறு எந்த நாளாக இருந்தாலும் இதை வைத்தே ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பேன்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறை உண்டு. அங்கே என்னைக் குடிவைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டை மனைவி படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் தட்டை வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"ஒத்தடம் குடுத்தேனேங்க" என்றாள். "வெந்நீர் காய்ச்சி, ஒரு பிளாஸ்திரிக்கு ஒத்தடம் குடுத்தேன்."

நான் சாம்பாரைப் பார்த்தேன்.

அந்த நாட்களில் கீழேயிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டால் பயந்தேன். கேட்காவிட்டால் அதைவிட அதிகமாகப் பயந்தேன். சத்தம் நின்று வெகு நேரமானால் படியில் நாலு இறங்கி நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். ஐந்தாவது படி எனக்கு எல்லை. மகள் அதில் ஒரு துடைப்பத்தைக் குறுக்கே வைத்திருந்தாள். அவள் என்னோடு பேசவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ஏழு மாத வயிற்றோடு, உயிர் போகிறது என்று கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாளே, அந்த ஒரு ஊசிதான் இப்போது என் இருமலுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவே நின்றது. காம்பவுண்டு சுவர் என்றாளே, எல்லாரும் கல் வைத்துக் கட்டிய அந்தச் சுவரில், என் பங்குக்கு நான் செங்கல் மாதிரி வண்ணமடித்த அட்டையை வைத்திருந்தேன்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மனைவி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க! இல்லையாம்! கக்குவான் இல்லையாம்! சாதாரணச் சளிதானாம்!"

தொட்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு, அறுபத்திரண்டு வயதில், நாலாம் நம்பர் டோக்கன் அழுத மாதிரி அழுதேன்.

மகள் துடைப்பத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். நாலு நாளில் முகம் வற்றிப்போயிருந்தது. "ஒண்ணும் இல்லாம போனதுல உன் பங்கு எதுவும் இல்லப்பா" என்றாள். "வேற இருமலா இருந்துச்சு, அவ்ளோதான்."

அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

இருமல் அடங்கியதும் கிளினிக்குக்குப் போனேன். நண்பரும் கூட வந்தார். "நீ போன் வந்துச்சின்னு எந்திரிச்சா, சட்டையப் புடிச்சி இயுத்துகினு வருவேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை டோக்கன் இரண்டு. நர்ஸ் பஞ்சால் துடைத்தபோது முழங்கால் வழக்கம்போல் கலைந்தது. நண்பர் ஜன்னலைக் காட்டி, "மாஸ்டரு, அங்க பாரு, கொரங்கு!" என்றார். என் கதையெல்லாம் தெரிந்த மனுஷன்.

நான் திரும்பவில்லை. ஊசியையே பார்த்தேன். இவ்வளவு சின்னதா என்று இருந்தது. இடது கையில் கக்குவானும் ரண ஜன்னியும் தொண்டை அடைப்பானும் சேர்ந்த ஒன்று, வலது கையில் ஃப்ளூ. நிமோனியாவுக்கும் அக்கிக்கும் அடுத்தடுத்துத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். நண்பர் தனக்கும் ஒரு டோக்கன் கேட்டு வாங்கினார்.

வீட்டில் கார்டை மகளிடம் நீட்டினேன். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒரு ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். சுரண்டுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. என் இரண்டு சட்டைக் கையையும் தூக்கச் சொன்னாள். பிளாஸ்திரிகளை உரித்தாள். இரண்டிலும் சிவப்பாக ஒரு புள்ளி.

தினசரி நாட்காட்டியில் பதினாலு தாள் தள்ளி ஒரு தாளின் மூலையை மடித்தாள். "அன்னிக்குத் தூக்கு."

பதினாலு தாளையும் நானே கிழித்தேன், ஒரு நாளைக்கு ஒன்றுதான். மடித்த தாள் வந்த காலை, குளித்துவிட்டு, சட்டை மாற்றி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தேன். மகள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். என்மேல் கண் வைத்தபடி நின்றாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குனிந்தேன். சுண்டைக்காய் அளவுக் காது. அவள் பேரைச் சொன்னேன். ஒரு தடவை சொல்லிவிட்டு வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். இரண்டாம் தடவை சொல்லிவிட்டுப் பார்த்தேன். மூன்றாம் தடவை சொன்னபோது அவள் தும்மினாள்.

நானும் மகளும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தோம். அவள் மறுபடி தும்மவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேத்தியின் வயிற்றைப் பார்த்தபடியே, சட்டைப் பைக்குள் கையை விட்டு ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினேன்.